சுவருக்கு வெளியே மேல்காற்று

சரவணம்பட்டி, கோயம்புத்தூர்
9 ஜூன் 2024

அன்புள்ள கிருபா அண்ணிக்கு,

மதிவதனி வணக்கத்துடன் எழுதுவது. நான் இங்கே நலம் என்று எழுதத்தான் ஆசை. ஸ்கூட்டியோடு பள்ளத்தில் விழுந்த காலுக்கு ஆடி முடியும்வரை மாவுக்கட்டு இருக்கும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். கட்டிலில் உட்கார்ந்தபடியே ஆபீஸ் வேலை. நீங்களும் அண்ணனும் எப்படி இருக்கிறீர்கள்? ஹாஸ்டலில் இருக்கும் உங்கள் மகள் ரித்திகாவுக்குக் காய்ச்சல் விட்டதா?

போனில் கேட்டால் "நல்லாருக்கறோம் கண்ணு" என்று சொல்லி உடனே வைத்துவிடுகிறீர்கள். அண்ணனுக்கு எப்போது கூப்பிட்டாலும் பின்னால் லாரி சத்தம்தான் கேட்கிறது. "கோழி செத்துப்போச்சு, கம்பெனிக்காரங்க நம்ம மேலதான் தப்புங்கறாங்க" என்றார். அதற்கு மேல் கேட்டால் சிக்னல் இல்லையாம். அதனால்தான் கடிதம். எழுத உட்கார்ந்தவர்கள் போனைப் போலப் பாதியில் வைத்துவிட முடியாது.

அப்பா கூலிக்குப் போன காட்டுக்குப் பக்கத்திலேயே வாங்கிய நிலம் அது. அதில் புதிதாக எழுப்பிய ஷெட்டைப் பற்றி யாரோ வந்து "உங்களுக்கு வளர்க்கத் தெரியவில்லை" என்று சொல்லிவிட்டுப் போவதை என்னால் சும்மா கேட்டுக்கொண்டிருக்க முடியவில்லை. அன்று என்ன நடந்தது என்று முழுசாக எழுதுங்கள். குஞ்சும் தீவனமும் கொடுத்து நம்மை வளர்க்கச் சொல்கிற அந்தக் கம்பெனி தந்த ஷெட் வரைபடத்தையும், அது எந்த வெயிலையும் தாங்கும் என்று கூடவே கொடுத்தார்களே ஓர் அறிக்கை, அதையும் கூரியரில் அனுப்புங்கள். பம்புக்குள் தண்ணீர் எப்படிச் சுழல்கிறது என்று கணினியில் கணக்குப் போடுவதுதான் என் பிழைப்பு. அதே கணக்கைக் காற்றுக்கும் போடலாம்.

உங்கள் பதிலைப் பார்த்துக்கொண்டிருக்கும்,
மதி

•

கரைக்காட்டுப்புதூர், குண்டடம் வழி
16 ஜூன் 2024

அன்பு மதிக்கு,

ஸ்தோத்திரம். கர்த்தரின் தயவால் இங்கே எல்லோரும் சுகம். ரித்திகாவுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது. உன் அண்ணன் வேலையாகப் பெருந்துறைப் பக்கம் போயிருக்கிறார். காலை ஊன்றாமல் இரு. உனக்குப் பொறுமை கம்மி என்று எனக்குத் தெரியும்.

நடந்ததை எழுதுகிறேன். அன்று உன் அண்ணன் ஈரோட்டுக்கு ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். பண்ணையில் நான் ஒருத்திதான். கோழிகள் ஐந்து வாரம் தாண்டி, லோடு ஏறக் காத்திருந்தவை. நம் ஷெட் உனக்குத் தெரியும். நாலு பக்கமும் அடைத்தது. கிழக்குக் கடைசியில் தண்ணீர் ஊறுகிற கூலிங் பேடு, மேற்குக் கடைசியில் எட்டு ஃபேன். ஃபேன் இழுக்க இழுக்க, வெளிக்காற்று பேடு வழியாகக் குளிர்ந்து உள்ளே வந்து, கோழிகள்மேல் ஓடி, மேற்கே வெளியேறும். அந்த ஓட்டம் நின்றால் கோழி பிழைக்காது.

வெயில் கொளுத்தியது. கரண்ட் இருமுறை போனது உண்மை. இருமுறையும் உடனே ஜெனரேட்டர் போட்டேன். எட்டு ஃபேனும் ஓடின. அப்படியும் மேற்குப் பாதியில் கோழிகள் வாயைப் பிளந்துகொண்டு படுத்துவிட்டன. குடம் குடமாகத் தண்ணீர் தெளித்தேன். கிழக்கே விரட்டினேன், நகரவில்லை. தூக்கிக்கொண்டு ஓடினால் எத்தனையைத் தூக்க முடியும்? வெயில் தாழ்வதற்குள் மேற்குப் பாதி முழுக்க வெள்ளை வெள்ளையாக விழுந்து கிடந்தது.

மறுநாள் கம்பெனியின் கிளை மேனேஜர் ஈஸ்வரமூர்த்தி வந்தார்.

"ஏனுங்க, ஃபேன் ஓடுச்சுங்களா?"

"எட்டும் ஓடுச்சுங்க."

"எட்டும் ஓடியிருந்தா இப்படி ஆகாதுங்க. கம்ப்யூட்டர்ல போட்டுப் பாத்துப் பண்ணுன டிசைனுங்க இது. கரண்ட் போயிருக்கும், ஜெனரேட்டர் போடாம உட்டுப்போட்டீங்க. ஒத்துக்கிட்டீங்கன்னா அடுத்த பேட்ச் குஞ்சு எறக்கறோம். இல்லீன்னா சிரமமுங்க."

"செய்யாதத எப்படிங்க ஒத்துக்கறது?"

அவர் சிரித்தார். "கோழி வளக்கறதுன்னா லேசுங்களா? வழிவழியாப் பழக்கமில்லாதவங்க..." என்று இழுத்துவிட்டு வாக்கியத்தை முடிக்காமலே ஜீப்பில் ஏறினார். அவர் முடிக்காத வாக்கியம் எனக்குப் புரிந்தது. உனக்கும் புரியும்.

நான் ஒத்துக்கொள்ளவில்லை. ஷெட் காலியாகக் கிடக்கிறது. வரைபடமும் அறிக்கையும் இதோடு இருக்கின்றன.

உன்னை ஜெபத்தில் நினைக்கும் அண்ணி,
கிருபா

•

சரவணம்பட்டி
2 ஜூலை 2024

அன்புள்ள அண்ணிக்கு,

நலம், நலமறிய ஆவல். கால் அரிக்கிறது என்பதைத் தவிரக் குறையில்லை. அண்ணன் பெருந்துறையிலிருந்து வந்துவிட்டாரா?

வரைபடத்தில் உள்ளபடி நம் ஷெட்டைக் கணினியில் கட்டினேன். அறிக்கையில் போட்டிருந்த நிபந்தனைகளையே கொடுத்தேன். எட்டு ஃபேன், அன்றைய வெயில், கோழிகளின் உடம்புச் சூடு எல்லாம் சேர்த்து ஓடவிட்டேன். எப்படி எழுதுவது என்று தெரியவில்லை அண்ணி. கணக்கு அவர்கள் சொல்வதைத்தான் சொல்கிறது. கடைசிச் சுவர்வரை காற்று நன்றாக ஓடுகிறது. எட்டு ஃபேனும் ஓடியிருந்தால் அந்த வெயிலுக்குக் கோழி செத்திருக்காது.

தப்பாக நினைக்காதீர்கள். பதற்றத்தில் ஏதாவது ஒன்று விட்டுப்போயிருக்குமா? ஜெனரேட்டர் ஓடினாலும் ஃபேன்களுக்குக் கரண்ட் வராமல் இருந்திருக்குமா? கொஞ்சம் நினைத்துப் பார்த்து எழுதுங்கள்.

அன்புடன்,
மதி

•

கரைக்காட்டுப்புதூர்
19 ஜூலை 2024

மதிக்கு,

சுகம். உன் சுகம் அறிய ஆவல்.

எட்டு ஃபேனும் ஓடின. நான் எதிரே நின்று பார்த்தேன். இதே கேள்வியை என்னிடம் கேட்டவர்களில் நீ மூன்றாவது ஆள். நான்காவது ஆளுக்குப் பதில் சொல்ல எனக்குத் தெம்பில்லை. உன் கம்ப்யூட்டர் வேறு மாதிரி சொன்னால் அதைக் கேள், என்னைக் கேட்காதே.

கிருபா

•

சரவணம்பட்டி
24 ஜூலை 2024

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் நாலு வரியைப் படித்துவிட்டு அன்றைக்கு நான் சாப்பிடவில்லை. நலமா என்று கேட்கக்கூட வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் கேட்கிறேன், நலமா?

நீங்கள் சொன்னபடியே செய்தேன். உங்கள் வார்த்தையை உண்மை என்று வைத்துக்கொண்டு, கணக்கில் எங்கே பொய் இருக்கிறது என்று தேடினேன். கிடைத்துவிட்டது.

கணினிக்கு ஷெட்டின் உள்பக்கம் மட்டும்தான் தெரியும். சுவருக்கு வெளியே என்ன இருக்கிறது என்று அதற்கு நாம்தான் சொல்ல வேண்டும். இதை எங்கள் வேலையில் எல்லை நிபந்தனை என்போம். ஃபேன் இருக்கிற மேற்குச் சுவரில் அந்த அறிக்கைக்காரர்கள் எழுதிவைத்த நிபந்தனை இதுதான்: ஃபேன் ஒவ்வொன்றும் இத்தனை காற்றை எப்போதும் வெளியே தள்ளியே தீரும். எதிரே மலை நின்றாலும் தள்ளும்! எந்த ஃபேன் அப்படி ஓடும்? வெளியே அழுத்தம் ஏறினால் ஃபேனின் வேகம் குறையாவிட்டாலும் அது தள்ளுகிற காற்று குறையும். இறக்கை சுற்றிக்கொண்டே இருக்கும், காற்று போகாது.

அந்தக் கட்டளையை எடுத்துவிட்டு, ஃபேனின் உண்மையான குணத்தைக் கொடுத்தேன். வெளியே அழுத்தத்தைக் கொஞ்சம் ஏற்றிப் பார்த்தேன். உடனே கணினி எச்சரித்தது: வெளியேறும் வழியில் காற்று உள்ளே திரும்புகிறது. இந்த எச்சரிக்கை வந்தால், ‘திரும்பாதே’ என்று அந்த இடத்தை அடைத்துவிட்டு மேலே போகிறவர்கள் உண்டு. நான் அடைக்கவில்லை. காற்று திரும்பினால் திரும்பட்டும், ஏன் என்று பார்க்கலாம் என்று விட்டுவிட்டேன்.

இப்போது என் கேள்வி ஃபேனைப் பற்றியதல்ல. அன்று மேற்குச் சுவருக்கு வெளியே என்ன இருந்தது?

இன்னொன்று. நான் மூன்றாவது ஆள் என்று எழுதியிருந்தீர்கள். முதல் ஆள் ஈஸ்வரமூர்த்தி. இரண்டாவது யார்?

உங்கள்,
மதி

•

கரைக்காட்டுப்புதூர்
2 ஆகஸ்ட் 2024

அன்பு மதிக்கு,

ஸ்தோத்திரம். நான் சுகமாக இருக்கிறேன். நீ சாப்பிடாமல் இருந்ததெல்லாம் எனக்கு வேண்டாம், கால் எலும்பு ஒன்றுசேர வேண்டிய நேரத்தில் ஒழுங்காகச் சாப்பிடு.

மேற்கே என்ன இருந்தது என்று கேட்டாய். ஒன்றும் இல்லை. வெறும் சோளக்காடு, அதற்கப்பால் காற்றாலைகள். ஆனால் நீ கேட்டதும் ஒன்று நினைவுக்கு வந்தது. அன்று கோழிகளின் இறகுத் துணுக்கு ஃபேனை நோக்கிப் பறந்து வெளியே போகவில்லை. சுவரோரம் சுழன்று என் முகத்தில் வந்து ஒட்டியது. ஃபேனுக்கு முன்னால் இருக்கிற தகர மூடிகள் படபடவென்று அடித்துக்கொண்டன. வெளியே வந்தால் சேலை நிற்கவில்லை, மேற்கிலிருந்து அப்படி ஒரு மேல்காற்று. கோழி சாகிறபோது காற்றை யார் கவனித்தார்கள்?

பக்கத்துக் காட்டில் காற்றாலை பராமரிக்கிற ரசாக்கிடம் போய்க் கேட்டேன். "அக்கா, இந்த வருசம் மேல்காத்து மொதமொதல்ல ஏறுன நாளே அதுதானுங்க. மத்தியானம் வரைக்கும் இறக்கை சும்மா நின்னுச்சு. அப்பறம் ஒரே தூக்காத் தூக்கிருச்சு" என்றார். காற்றாலையில் பதிவான அன்றைய வேகத்தையும் எடுத்துக் கொடுத்தார். இதோடு வைத்திருக்கிறேன்.

ஃபேனை ஏன் மேற்கே வைத்தோம் என்றும் கேட்பாய். கம்பெனி கொடுத்த படம்தான் அது. கிழக்கே மாற்றி வைக்கலாமா என்று உன் அண்ணன் அப்போதே கேட்டார். மாமா கூலிக்குப் போன கிழக்குக் காட்டின் சொந்தக்காரர் லட்சுமணசாமி வந்து, "எங்கூட்டுப் பக்கம் ஃபேன வெச்சு நாத்தத்த ஊதாதீங்க" என்றார். மேனேஜரும் தலையாட்டினார். அதோடு அந்தப் பேச்சு நின்றது.

கிருபா

•

சரவணம்பட்டி
20 ஆகஸ்ட் 2024

அன்புள்ள அண்ணிக்கு,

கட்டுப் பிரித்தாகிவிட்டது. கால் குச்சியாக இருக்கிறது, கைத்தடியோடு நடக்கிறேன். நீங்கள் நலம்தானே?

நீங்கள் அனுப்பிய காற்றின் வேகத்தை வைத்து ஷெட்டை மட்டுமல்லாமல், சுற்றியுள்ள காட்டையும் சேர்த்துக் கட்டினேன். மேற்கிலிருந்து காற்றை உள்ளே விட்டேன். மூன்று தடவை கணக்கு வெடித்தது. வெடித்தது என்றால், எண்கள் தறிகெட்டு ஏறிக் கணினியே நிறுத்திவிடும். காற்று வெளியேறுகிற எல்லையை ஷெட்டின் முதுகுக்குப் பின்னாலேயே போட்டிருந்தேன். ஷெட்டில் மோதிய காற்று அங்கே சுழல்கிறது. சுழல் பாதியிலேயே எல்லை வந்தால் கணக்குக்குத் தலைசுற்றாதா? எல்லையை லட்சுமணசாமி வீட்டையும் தாண்டித் தள்ளிவைத்தேன். காற்றாலை உயரத்தில் அடிக்கிற காற்று தரையில் அப்படியே அடிக்காது, அதையும் குறைத்துக் கொடுத்தேன். கணக்கு அமைதியாக உட்கார்ந்தது.

அண்ணி, எட்டு ஃபேனும் ஓடுகின்றன. ஓடிக்கொண்டே, மேல்காற்றோடு மல்லுக்கட்டித் தோற்கின்றன. மேற்குப் பாதியில் காற்று கிட்டத்தட்ட நின்றுவிடுகிறது. சுவரோரம் உள்ளே திரும்பிச் சுழல்கிறது, உங்கள் முகத்தில் இறகு ஒட்டிய அதே இடத்தில். படத்தில் சிவப்பாக இருப்பது தாங்க முடியாத சூடு. கோழிகள் விழுந்து கிடந்த இடமும் அதுதானே?

படத்தை முதலில் அண்ணனுக்குப் போனில் அனுப்பினேன். பிறகு கூப்பிட்டேன். வழக்கம்போல் லாரி சத்தம். "எங்கண்ணா இருக்கறீங்க?" என்று விடாமல் கேட்டேன். பெருந்துறையில் டிப்பர் ஓட்டுகிறாராம். வைகாசி முடிவிலிருந்தே அங்கேதான் தங்கியிருக்கிறாராம்.

"ஊட்டுக்கு ஏன் போகல?"

"கிருபா பொய் சொல்லமாட்டா கண்ணு. ஆனா கம்ப்யூட்டர் ரிப்போர்ட்டுன்னு காட்டுனாங்களே..."

"இப்ப நான் காட்டறேன். பாருங்க."

டிப்பரை ஓரமாக நிறுத்தியிருப்பார்போல, சத்தம் அடங்கியது.

இரண்டாவது ஆள் யார் என்ற கேள்வியை நான் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

மதி

•

கரைக்காட்டுப்புதூர்
12 செப்டம்பர் 2024

அன்பு மதிக்கு,

ஸ்தோத்திரம். கைத்தடியைச் சீக்கிரம் எறிய ஜெபிக்கிறேன்.

நீ கேள்வியைத் திரும்பப் பெற்றாலும் நான் பதில் எழுதிவிடுகிறேன். ஈஸ்வரமூர்த்தி வந்துபோன பிறகு கல்யாணத்திலிருந்து வந்த உன் அண்ணன், செத்த கோழிகளைக் குழியில் தள்ளிக்கொண்டிருந்த என்னிடம், "நெசமாச் சொல்லு, ஃபேன் ஓடுச்சா?" என்றார். ஓடியது என்றேன். "நீ ஒத்துக்கிட்டா முடிஞ்சு போயிரும்" என்றார். "முடியாது" என்றேன். அன்றைக்கே பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். உன்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்காதே. கூடப் பிறந்தவளிடம் போய் அவரைப் பற்றிக் குறை சொல்வதா என்று இருந்தது. என் புருஷனே என்னை நம்பவில்லை என்று என் கையால் எழுதவும் மனசு வரவில்லை.

உன் படங்களை எடுத்துக்கொண்டு கிளை ஆபீசுக்குப் போனேன். ஈஸ்வரமூர்த்தி புரட்டிப் பார்த்தார். "ஊட்டுல உக்காந்து போட்ட கணக்குங்க இதெல்லாம்."

"அப்ப நேர்ல வந்து பாருங்க. காத்து இன்னும் அடங்கலீங்க. காலி ஷெட்டுல எட்டு ஃபேனும் போடறேன். நீங்களே அளந்துக்கங்க."

"எனக்கு நேரமில்லீங்க."

"நீங்க வர்ற வரைக்கும் இங்கயே உக்காந்திருக்கறனுங்க. எனக்குத்தான் கோழியில்லையே, நேரம் நெறையா இருக்குது."

மறுநாளும் போய் உட்கார்ந்தேன். அதற்கடுத்த நாளும். குஞ்சுக்கும் தீவனத்துக்கும் வருகிற பண்ணைக்காரர்கள் என்ன என்று கேட்க ஆரம்பித்தார்கள். கேட்டவர்களுக்கெல்லாம் படத்தை விரித்துக் காட்டினேன். அப்புறம்தான் அவருக்கு நேரம் கிடைத்தது.

ரசாக் நல்ல காற்று வருகிற நாளாகப் பார்த்துச் சொன்னார். ஃபேன் விற்ற கம்பெனி ஆளும், காற்றின் வேகத்தை அளக்கிற கருவியோடு ஒரு சூப்பர்வைசரும் வந்தார்கள். எட்டையும் போட்டேன். சத்தம் காதைப் பிளந்தது. மேற்குக் கடைசியில் நின்று கருவியை என்னிடம் நீட்டினார்கள். "நீங்களே புடிங்க, நீங்களே படிங்க. நான் படிச்சா மறுபடியும் பொய்யும்பீங்க" என்றேன். சூப்பர்வைசர் படித்தார். மறுபடி படித்தார். உன் படத்தில் இருந்த எண்ணுக்குப் பக்கத்திலேயே நின்றது. ஃபேன்காரர் ஈஸ்வரமூர்த்தியைப் பார்த்தார். ஈஸ்வரமூர்த்தி தரையைப் பார்த்தார்.

போகும்போது என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "அம்மணி, இயற்கைச் சீற்றம்னு எழுதிக்கலாமுங்க. உங்க பேரும் கெடாது, எங்க பேரும் கெடாது. அடுத்த வாரமே குஞ்சு எறக்கிறலாம். மத்த பண்ணைக்காரங்ககிட்ட மட்டும் இதப் பேச வேண்டாம்."

"மேல்காத்து வருசாவருசம் வர்றதுதானுங்க. அது மேல பழியப் போட்டா அடுத்த வருசமும் கோழி சாகுமுங்க. அப்ப இன்னொருத்திகிட்டப் போயி ஃபேன் ஓடுச்சான்னு கேப்பீங்க. நான் எழுதித் தரமாட்டனுங்க."

எழுதித் தரவில்லை. குஞ்சும் இறங்கவில்லை.

கிருபா

•

சரவணம்பட்டி
20 செப்டம்பர் 2024

அன்புள்ள அண்ணிக்கு,

நலம். கைத்தடியை எறிந்துவிட்டேன். உங்கள் கடிதத்தைப் படித்த வேகத்தில் எறிந்தது என்றும் சொல்லலாம்.

ஃபேனைக் கிழக்கேயும் பேடை மேற்கேயும் மாற்றி ஒரு கணக்குப் போட்டேன். மேல்காற்று பேடு வழியாகத் தானே தள்ளிக்கொண்டு வருகிறது. ஃபேனுக்கு எதிரியாக இருந்தது கூட்டாளியாகிவிடுகிறது. கார்த்திகையில் கிழக்கிலிருந்து வருகிற கீழ்க்காற்றையும் விட்டுப் பார்த்தேன். அதற்கு வேகம் போதாது, வெயிலும் அப்போது இருக்காது. படங்களை நாலு பிரதி அனுப்பியிருக்கிறேன். யாருக்கு வேண்டுமானாலும் கொடுங்கள். கேட்டால் கணக்குப் போட்டது நான்தான் என்று என் பெயரையும் சொல்லுங்கள்.

தீபாவளிக்கு நேரில் வருகிறேன்.

மதி

•

கரைக்காட்டுப்புதூர்
26 ஜனவரி 2025

அன்பு மதிக்கு,

ஸ்தோத்திரம். நீ வந்துபோனபின் வீடு வெறிச்சென்று இருந்தது. ரித்திகா நலம். ஒரு வேலை முடியாமல் எழுதக்கூடாது என்று இருந்தேன், அதனால்தான் தாமதம்.

உன் படங்களோடு, மேற்கே ஃபேன் வைத்த பண்ணைகளை ஒவ்வொன்றாகத் தேடிப் போனேன். முதல் பண்ணையிலேயே கனகம் என்று ஒருத்தி, படத்தைப் பார்த்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். போன வருசம் அவள் கோழிகளும் இதே மாதிரிதான் செத்திருக்கின்றன. "ஃபேன நிறுத்திப்போட்டேன்னு நான் எழுதிக் குடுத்துட்டனுங்க. நிறுத்தவே இல்லீங்க. எல்லாரும் சொன்னாங்க, எனக்கே சந்தேகமாப் போச்சுங்க" என்றாள். மதி, எனக்கும் ஒருநாள் அப்படி ஆகியிருக்கும். நீ அந்தக் கேள்வியைக் கேட்ட வாரத்தில், ராத்திரி படுத்தால் ஃபேன் நின்று கிடப்பதுபோலவே தோன்றும். எழுந்துபோய்ச் சுவிட்சைத் தொட்டுப் பார்ப்பேன்.

பொங்கலுக்கு முந்தின வாரம் எல்லோரும் நம் காலி ஷெட்டில் கூடினோம். கம்பெனி தன் செலவில் ஃபேனைக் கிழக்கே மாற்றித் தரும்வரை, கோடைக்கு ஒருத்தரும் குஞ்சு இறக்குவதில்லை என்று முடிவாயிற்று. பங்காரம்மா என்கிற வயசான அம்மா, "எம்பட மகன் கையெழுத்துப் போட்டாலும் குஞ்சு லாரிய நான் உள்ளார உடமாட்டேன்" என்றார்.

செய்தி லட்சுமணசாமிக்குப் போய் அவரும் வந்தார்.

"ஏம்மா, ஃபேனத் திருப்பறீங்களாமா? எங்கூட்டுக்கு நாத்தம் வருமே?"

"மேல்காத்து அடிக்கறப்ப நாத்தம் இப்பவே உங்கூட்டுக்குத்தானுங்க வருது. ஃபேன் எந்தப்பக்கம் இருந்தா என்னுங்க? எங்க கோழி செத்ததுதான் மிச்சம்."

"உங்க மாமனார் மாசாணம் இருந்தா இப்படிப் பேசியிருக்கமாட்டாரு."

"அவரு உங்க காட்டுல நின்னு பேசுனாருங்க. நான் எங்க காட்டுல நிக்கறனுங்க."

அவர் போய்விட்டார். நான் சொன்னதைத் திரும்பப் பெறவில்லை.

கூட்டத்துக்கு உன் அண்ணன் வந்திருந்தார். யாரும் அழைக்கவில்லை. பின்னால் நின்றவர், கடைசியில் முன்னால் வந்து, "எம்பட பொஞ்சாதி சொன்னது நெசம். நம்பாமப் போனவன் நான்தானுங்க" என்று அத்தனை பேர் முன்னாலும் சொன்னார். அன்றிலிருந்து வீட்டில்தான் இருக்கிறார். மாட்டுக்குத் தண்ணீர் காட்டுகிறார், ஷெட்டைக் கழுவுகிறார். நாங்கள் அதிகம் பேசிக்கொள்வதில்லை.

அண்ணி,
கிருபா

•

கரைக்காட்டுப்புதூர்
8 ஜூன் 2025

அன்பு மதிக்கு,

ஸ்தோத்திரம். மழை இல்லாவிட்டாலும் எல்லோரும் சுகம். உனக்கு வேலை உயர்வு என்று ரித்திகா சொன்னாள், சந்தோஷம்.

மாசி முடிவில் கம்பெனி இறங்கி வந்தது. தப்பு என்று இன்றுவரை அவர்கள் வாயிலிருந்து வரவில்லை. ‘மேம்படுத்தப்பட்ட வடிவமைப்பு’ என்று சொல்லிப் புது வரைபடம் கொடுத்தார்கள். ஆட்கள் வந்து ஃபேனைக் கிழக்கேயும் பேடை மேற்கேயும் மாற்றினார்கள். கனகம் பண்ணையில், பங்காரம்மா பண்ணையில், எல்லாவற்றிலும். ஈஸ்வரமூர்த்தி ஒப்பந்தத்தை உன் அண்ணன் பெயரில் தட்டச்சு செய்து கொண்டுவந்தார். என் பெயரில் மாற்றிக் கொண்டுவரச் சொன்னேன்.

"பட்டா அவரு பேர்லதானுங்க இருக்குது?"

"பழி எம்பேர்ல போடறப்ப பட்டா பாத்தீங்களாங்க?"

கனகம் எழுதிக் கொடுத்த அந்தக் காகிதத்தையும் கேட்டேன். அது திரும்பி வந்த பிறகுதான் நாங்கள் எல்லோரும் கையெழுத்துப் போட்டோம். கனகம் அதைத் தன் வீட்டு அடுப்பில் போட்டாள்.

போன வாரம் மேல்காற்று ஏறியது. வெயிலும் கொளுத்தியது. நான் மேற்குக் கடைசியில் கோழிகளுக்கு நடுவே போய் நின்றேன். பேடு வழியாகக் குளிர்ந்த காற்று காலோடு உரசிக்கொண்டு கிழக்கே ஓடியது. கோழிகள் பாட்டுக்குத் தீவனம் தின்றுகொண்டிருந்தன. ஒன்றுகூட வாயைப் பிளக்கவில்லை. வெளியே வந்தால் உன் அண்ணன் சோளக்காட்டு ஓரம் காற்றைப் பார்த்து நின்றுகொண்டிருந்தார். துண்டு தோளில் நிற்காமல் கையில் சுருட்டி வைத்திருந்தார்.

"அன்னிக்கும் இப்படித்தான் அடிச்சுதா?"

"இதவிட."

துண்டை உதறி இடுப்பில் கட்டினார். அப்புறம் என் பக்கம் திரும்பி, "நான் உன்னய நம்பியிருக்கோணும்" என்றார்.

"ஆமா, நம்பியிருக்கோணும்" என்றேன்.

பரவாயில்லை என்று நான் சொல்லவில்லை. அவரும் அதை எதிர்பார்த்து நிற்கவில்லை. இரண்டு பேருமாக உள்ளே போய்த் தண்ணீர்க் குழாயைச் சரிபார்த்தோம்.

இன்று காலை கோழிகள் லோடு ஏறிவிட்டன. வெயிலில் அலையாதே, நேரத்துக்குச் சாப்பிடு.

அண்ணி,
கிருபா